மணிதாவின் சுவரும் எங்கள் பனையோலையும்

ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர்கள் அவரை மணிதா என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் பார்த்தது அவருடைய சுவரை. வங்காளத்தில் சாந்திநிகேதனின் கலைக் கல்லூரியான கலாபவனத்தில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வரைந்திருக்கிறார். கிட்டப் போய் நின்றால் தூரிகை எங்கே அழுத்தியது, எங்கே சட்டென்று திரும்பியது என்பது வரை தெரிகிறது. 2009-இல், 85 வயதில், அதைத் திரும்பவும் வரைந்தார் என்று கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அவர் பெயரில் உள்ள 'கே' நம் பாலக்காட்டுக் கல்பாத்திதான். தமிழ்க் குடும்பம், பிறந்தது 1924-இல், வட கேரளத்துக் கூத்துபறம்பில். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போனார். அதோடு அரசுக் கல்லூரிப் படிப்பு முடிந்தது. 1944-இல் சாந்திநிகேதன் போய் நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகிய கலைஞர்களிடம் கற்றார். அப்புறம் பரோடாவில் ஓவிய ஆசிரியர்.

நான் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். பரோடா கலைச்சந்தையைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் என் வகுப்பு மாறியது. 1960-களில் தொடங்கிய அந்தச் சந்தையில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து பொம்மை செய்து விற்றார்கள். அவரும் மரத்துண்டு, பாசிமணி, தோல் எல்லாம் வைத்துப் பொம்மை செய்தார். கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தவர் வேறு. நெசவாளியின் கையை ஓவியனின் கைக்குக் கீழே அவர் ஒருநாளும் வைத்ததில்லை.

எங்களுக்குப் பனைக்கு என்ன பஞ்சம்! பிள்ளைகளை ஓலை கொண்டுவரச் சொன்னேன். பென்சிலைத் தொடவே கூச்சப்படுகிற ஒரு பையன், அப்பா பனையேறி, ஈர்க்கை நகத்தால் கீறி உருவிவிட்டு, இரண்டு கீற்றை மாற்றி மாற்றி மடித்து ஒரு பாம்பு செய்தான். வாலைப் பிடித்து ஆட்டினால் உடம்பு முழுக்க நெளிகிறது. அன்றைக்கு வகுப்புக்கு அவன்தான் வாத்தியார். பூந்தொட்டியைப் பார்த்து வரைவதற்கு மட்டும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கை யாருக்குத் தெரிந்திருக்கும்?

கல்பாத்தித் தேருக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருகிறது. அந்தத் தெருக்களிலேயே இவர் பெயரைச் சொன்னால் விழிப்பவர்கள் இருக்கிறார்கள். 2012-இல் பத்ம விபூஷண் வாங்கியவர் என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். மனசு கஷ்டப்படுகிறது. அவரிடம் நேரில் படித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வகுப்பில் எப்படிப் பேசுவார், மாணவன் வரைந்ததை எப்படித் திருத்துவார்? விருதுகளைவிட எனக்கு அதுதான் வேண்டும்.