அம்மாவின் பிப் ரிவியூ: வோக்கர் பாவித்தால் காசு குறையுமா? (அவசரம்)

கேள்விக்காரன்:
அம்மாவுக்கு பிப் (ஏலாமை உள்ளவர்களுக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுக்கும் உதவிக் காசு) ரிவியூ, அடுத்த கிழமை நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. பிசியோ போன மாதம்தான் நாலு சில்லு வோக்கர் ஒன்று கொடுத்தவர். கோயிலில் ஒரு அன்ரி சொல்லுகிறா, அதோடு போனால் "இவ நல்லா நடப்பா" என்று எழுதிப் புள்ளியை வெட்டிவிடுவார்களாம், வோக்கரை வீட்டில் விட்டுவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்று. உண்மையா? கெதியாகச் சொல்லுங்கோ.

மல்லிகை அக்கா:
தம்பி, அம்மாவுக்கு என்ன வயது? என்ன வருத்தம்? இப்போது மொபிலிட்டியில், அதுதான் நடமாட்டத்துக்கான காசில், ஸ்டாண்டர்டா (குறைந்த தொகை) என்ஹான்ஸ்டா (கூடின தொகை)?

கிளைட் கரை:
எங்கே இருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ஸ்கொட்லாந்து என்றால் பிப்பே இல்லை, இங்கே அடல்ட் டிசெபிலிட்டி பேமென்ட்.

ஹரோ மச்சான்:
அன்ரி சொன்னது சரி. என் சொந்தக்காரர் ஒருவர் மொபிலிட்டி ஸ்கூட்டர் வாங்கினார், அடுத்த ரிவியூவில் காசு நின்றது. ரிவியூ முடியும் வரை ஒரு சாமானும் வாங்கக் கூடாது, பொல்லு கூட.

பழைய பஞ்சாங்கம்:
இதே கேள்விக்கு நான் எத்தனை தடவை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்கப் பஞ்சி, அன்ரியைக் கேட்க மட்டும் நேரம் இருக்கிறது. சரி, கடைசித் தடவை. நடமாட்டத்துக்கான கேள்வி, எழுந்து நின்று எவ்வளவு தூரம் போக முடியும் என்பது. 20 மீட்டருக்கு மேல் 50 மீட்டருக்குள், எதையும் பிடிக்காமல் என்றால் 8 புள்ளி. அதே தூரம் பொல்லோ வோக்கரோ இருந்தால்தான் முடியும் என்றால் 10. கூடுகிறது, குறையவில்லை. 20 மீட்டரைத் தாண்ட முடியாவிட்டால் வோக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 12. ஸ்டாண்டர்டுக்கு 8, என்ஹான்ஸ்டுக்கு 12 வேண்டும். ஸ்கூட்டரில் போவது நடை இல்லை, வீல்செயாரும் அப்படித்தான். "நிற்பது" என்றால் சொந்தக் கால் ஒன்றாவது நிலத்தில் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே ஹரோக்காரரின் சொந்தக்காரருக்குக் காசு நின்றது வேறு காரணத்தால்.

ஹரோ மச்சான்:
நீங்கள் அவருடைய கடிதத்தைப் பார்த்தீர்களா ஐயா?

பழைய பஞ்சாங்கம்:
நீங்கள் பார்த்தீர்களா?

ரெடிங் மதுரைக்காரன்:
நடுவில் ஒரு சந்தேகம், பொல்லு என்றால் கைத்தடியா? எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஹரோ மச்சான்:
கைத்தடி என்று எங்கள் ஊரில் சொன்னால் அரசியல்வாதிக்குப் பின்னால் திரிகிற ஆள்.

ரெடிங் மதுரைக்காரன்:
எங்கள் ஊரிலும் அதேதான்! இரண்டையும் சொல்வோம்.

மல்லிகை அக்கா:
பகிடியை விடுங்கோ. வோக்கரை ஒளித்துவிட்டுப் போகச் சொல்வது பொய் சொல்லச் சொல்வதுதான், அதுவும் நட்டத்துக்குப் பொய். என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரிவியூ செய்ய வீட்டுக்கு வந்த பெட்டை மரியாதையாகத்தான் கதைத்தாள். அம்மா பொல்லைச் சோபாவோடு சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து குசினிக்குப் போய் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டு வந்து, "எனக்கென்ன பிள்ளை, நான் நடப்பன்" என்று சிரித்தா. ரிப்போர்ட்டில் அப்படியே இருந்தது, உதவியின்றி எழுந்தார், நடந்தார். சுவரைக் காணோம். மறுபரிசீலனையிலும் மாற்றவில்லை, மேல்முறையீடு கேட்கும் ட்ரிபியூனலில்தான் சரி வந்தது. ஒருமுறை நடந்து காட்டுவது கணக்கே இல்லை. பாதுகாப்பாக, ஓரளவு ஒழுங்காக, திரும்பத் திரும்ப, அளவான நேரத்தில் செய்ய முடிய வேண்டும். நோவோடு நடப்பதையும், நடந்த பிறகு ஒரு மணித்தியாலம் படுப்பதையும் சொல்லுங்கோ. வோக்கரில் இருக்கை இருக்கிறதா, எத்தனை தரம் இருந்து எழும்புகிறா, எல்லாம்.

கேள்விக்காரன்:
மன்னிக்கவும், வேலை. வயது 63, இரண்டு முழங்காலும் வாதம், லண்டன். இப்போது ஸ்டாண்டர்ட், 8 புள்ளி. வீட்டு வாசலில் இருந்து இரண்டாவது லைட் போஸ்ட் வரை வோக்கரோடு போவா. இருக்கை இருக்கிறது.

பழைய பஞ்சாங்கம்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் பாதிப் பேச்சு மிஞ்சியிருக்கும். போஸ்ட் கணக்கு வேண்டாம், அடி வைத்து அளந்து போ. வயது முக்கியம்: ஓய்வூதிய வயதைத் தாண்டினால் மொபிலிட்டி ஸ்டாண்டர்டில் இருந்து ஏறாது. அந்த வயதுக்குப் பிறகு புதிதாகக் கேட்பவருக்கு பிப் இல்லை, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற வேறு உதவிக் காசுதான், அதில் நடமாட்டத்துக்குக் காசே கிடையாது. 2025 ஏப்ரல் கணக்கில் ஸ்டாண்டர்ட் கிழமைக்கு 29.20 பவுண், என்ஹான்ஸ்ட் 77.05. வித்தியாசத்தைப் பார்.

கிளைட் கரை:
பிப்புக்கு முன் இருந்த டிஎல்ஏ என்ற உதவிக் காசின் காலத்தில் 50 மீட்டர்தான் பேச்சு. 2013இல் பிப் வந்தபோது அதை 20 ஆக்கினார்கள். கோபம் வர வேண்டியது அங்கே.

பழைய பஞ்சாங்கம்:
அதற்குத் தனி இழை இருக்கிறது.

மல்லிகை அக்கா:
தம்பி, போய் வந்து சொல்லு. அம்மா தேத்தண்ணி ஊற்றப் போகாமல் பார்த்துக்கொள்.

(மூன்று மாதத்துக்குப் பிறகு)

கேள்விக்காரன்:
வோக்கரோடுதான் போனோம். 10 புள்ளி. காசு அதேதான். அளந்தபோது 26 மீட்டர், நடுவில் ஒரு தரம் வோக்கர் இருக்கையில் இருந்தா. எல்லாருக்கும் நன்றி.

மல்லிகை அக்கா:
எங்கே இருந்தா, எத்தனையாவது மீட்டரில்? அதை அவர்களிடம் சொன்னீர்களா? கடிதத்தில் என்ன திகதி? மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான்.

மல்லிகை அக்கா:
தம்பி?