மறு: டூ-லைனர் பாராகிளைடருக்குத் தமிழ்ச்சொல்

> டூ-லைனர் = இருகயிற்றுக் குடை. சரிதானே?

சரியில்லை ஐயா. பாராகிளைடர் என்பது ஆள் கயிறுகளில் தொங்கியபடி பறக்கும் துணி இறக்கை. இரண்டே கயிறு என்றால் அதில் ஏறப் போட்டிக்கு ஆள் வராது. எண்ணுவது கயிற்றை அல்ல, வரிசையை. இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி இறங்கும் கயிறுகள் எல்லாம் ஏ வரிசை, அதற்குப் பின்னால் பி. பழைய இறக்கைகளில் சி, டி என்று நான்கு வரிசைவரை இருந்தன. ஒவ்வொரு கயிறும் காற்றில் உராய்ந்து வேகத்தைத் தின்னும். அதனால்தான் வரிசையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டே வரிசையில் துணி உருக்குலையாதிருக்க உள்ளே பிளாஸ்டிக் கம்பி செருகினார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: முழு வேகத்தில் பிரேக்கைத் தொடாமல் பி வரிசையை இழுத்தே இறக்கையை அடக்கலாம்.

ஆக, சொல்லில் வரிசை வர வேண்டும். "இருவரிசை" என்று எழுதி மகளிடம் காட்டினேன். "இருவர் இசையா? யார் கச்சேரி?" என்றாள். ஒற்றையாள் கிளைடருக்கு இந்தப் பெயர் வைத்தால் இருவர் சேர்ந்து பறக்கும் டேண்டம் என்றே நினைப்பார்கள். "ஈரணி" என்றால் விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு அணி மோதும். பழம்பாட்டிலோ அது புனலாடும்போது உடுத்துவது.

என் முன்மொழிவு: இருநிரை. பள்ளிக் கணக்கில் நிரை, நிரல் படித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மூன்று வரிசைக்கு முந்நிரை.

> 'குடை' வேண்டாமா?

வேண்டாம். ஓசோன் நிறுவனத்தின் போட்டி இறக்கையான என்சோ 3-இன் நீட்சி விகிதம் ஏழரை (சனியை நினைக்காதீர்கள்). சராசரி அகலத்தைப் போல ஏழரை மடங்கு நீளமானதைக் குடை என்றால் கண் ஒப்பாது. இருநிரை இறக்கை போதும்.

> கொலாப்ஸ் = சிதைவு

சிதைந்தது திரும்பாது. இதுவோ பறக்கும்போது இறக்கை மடங்குவது, பெரும்பாலும் தானே விரிந்துவிடும். மடிவு என்போம். 2011-இல் ஸ்பெயினின் பியெத்ராயித்தாவில் நடந்த உலகப் போட்டியில் இருவர் இறந்த பிறகு, சான்று பெறாத இறக்கைகளைப் போட்டியிலிருந்து விலக்கினார்கள். பின்னால் போட்டி இறக்கைகளுக்கென்று சிசிசி என்ற சான்று வகுப்பு வந்தது. அந்தச் சோதனை விதிகளைத் தமிழாக்கினால் மடிவு அடிக்கடி வரும், சொல் சிறியதாக இருப்பது நல்லது.

ஷார்க் நோஸ் என்ற முன்விளிம்பு வடிவத்துக்குச் சுறாமூக்கு என்பதற்கு என் ஓட்டு உண்டு. கயிறுகளை இருக்கையோடு இணைக்கும் வாரான ரைசருக்கு நீங்கள் தந்த "தோள்வார்" இடிக்கிறது, அது தோளில் இல்லை, இருக்கைப் பட்டையின் கொக்கியில் மாட்டுவது. "தூக்குவார்" என்று யோசித்தேன். யார் தூக்குவார் என்று கேட்பார்களே! வேறு ஏதாவது தோன்றுகிறதா?