‘மொட்’ என்பதற்கு ‘வழியாக்கம்’: ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் போர்விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் விளையாட்டுகளை விளையாடுவோர் ‘மொட்’ என்று அழைப்பதற்கு, அதாவது விளையாட்டைச் செய்தவர் அல்லாத ஆர்வலர்கள் அதன்மேல் செய்து சேர்க்கும் கோப்புப் பொதிக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளை ஞாயிறு பின்னேரம் திருகோணமலை உவர்மலையிலுள்ள நண்பர் வீட்டு விறாந்தையில் கூடியிருந்து, மடிக்கணினியைத் திறந்துவைத்து, ஒவ்வொன்றாக எங்கள் கோப்புறைகளுக்குப் பெயராக இட்டுப் பார்த்தோம். அகராதியில் அழகாக நின்ற சொற்கள் சில கோப்புறையின் தலையில் ஏறியவுடன் பல்லிளித்தன. சிமுலேட்டர் என்பதற்கான சொல்லை இங்கே நான் தொடவில்லை. அதற்குத் தனியாக ஒரு மாரிகாலம் வேண்டும்.

கேட்டதன் காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது, எதிர்த்து மேலேறியவை பிரித்தானிய வான்படையின் 261ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள். அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 2001இல் தொடங்கிய ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் என்னும் சிமுலேட்டர் விளையாட்டு வரிசையின் ‘1946’ தொகுப்பில் ஹரிக்கேனும் இருக்கிறது, ஜப்பானியரின் சீரோ போர்விமானமும் இருக்கிறது; எங்கள் ஊர்தான் இல்லை. ஆகவே மண்ணிறமும் கரும்பச்சையும் கொண்ட ஒரு மேற்பூச்சு, விளையாட்டிலுள்ள ஒரு தீவின் கரையைச் சீனக்குடாவாகப் பாவித்து எண்ணெய்க் குதங்களை வரிசையாக நிறுத்திய ஒரு களம், இன்னோர் ஆர்வலர் தம் பெயரைக் குறிப்பிட வேண்டும், விற்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு தந்த இயந்திர ஒலி ஆகிய மூன்றையும் ஒரே பொதியாகக் கட்டினோம். மேற்பூச்சு என்பது 1024க்கு 1024 புள்ளிகளும் 256 நிறங்களும் கொண்ட ஒற்றைப் படக்கோப்பு. ஒரு மெகாபைட்டைச் சற்றே தாண்டும். அந்த 256க்குள் கடற்கரை வெயிலில் வெளுத்த பச்சையைப் பிடிக்க எனக்கு மூன்று இரவுகள் போயின என்பது இந்த விவாதத்துக்குத் தேவையற்ற செய்தி; ஆயினும் சொல்லாமல் விட மனமில்லை.

பொதியோடு தமிழில் ஒரு வாசிப்புக் குறிப்பும் வைத்து, அதன் முதல் வரியில் ‘இது ஹரிக்கேன் விமானத்துக்கான திருத்தம்’ என்று எழுதினேன். வினை அங்கேதான் தொடங்கியது. மூதூர்த் தம்பி ஒருவர் அதைத் தரவிறக்கி, திருத்தம் வந்துவிட்டதே என்று பழைய கோப்புகளை அழித்துவிட்டு எங்களுடையவற்றை அந்த இடத்தில் வைத்தார். விளையாட்டுத் திறக்க மறுத்துவிட்டது. அதைச் சரிசெய்ததும், நிறத்தில் இரண்டொரு மாற்றங்கள் செய்து, ‘மேலும் திருத்தப்பட்டது’ என்று தலைப்பிட்டு, குறிப்புக் கோப்பை நீக்கி, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஒலி தந்தவரின் பெயர் அங்கே காணாமற்போனது. அவருக்கு வாக்குக் கொடுத்தவன் நான். மன்னிப்புக் கேட்டு எழுதியவனும் நானே. தம்பியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருத்தம் என்றால் முன்பு பிழை இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்றுதானே பொருள்? திருத்திய பிரதி கைக்கு வந்தபின் பழைய பிரதியை எவர் வைத்திருப்பார்? யார் திருத்தினார் என்றுதான் எவர் கேட்பார்? நான் எழுதிய சொல் சொன்னதை அவர் அப்படியே செய்திருக்கிறார்.

ஆகவே எனக்கு வேண்டிய சொல் ‘மாற்றியது’ என்பதை மட்டும் சொன்னால் போதாது. இன்னொன்றின் மேல் நிற்பது, அதற்குக் கடன்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘மொட்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்றவர்களோடு பேச்சளவில் எனக்குப் பிணக்கு இல்லை. எழுத்தில் ஏறும்போது தமிழ் அதற்கு ஓர் உகரத்தைக் கொடுத்து மொட்டு ஆக்கிவிடுகிறது. ‘புதிய மொட்டு வந்திருக்கிறது’ என்று ஒருவர் எழுதினால், இந்நாட்டில் வாக்களிக்கும் வயது வந்த எவரும் மொட்டுச் சின்னக் கட்சியை நினைப்பாரே தவிர விமானத்தை நினைக்க மாட்டார். ‘மாற்றம்’ மிகவும் பொது. ‘நீட்சி’ உலாவிகளில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. தவிர, மேற்பூச்சு எதையும் நீட்டுவதில்லை.

‘திரிபு’ என்று எழுதிய நண்பர் இலக்கணம் அறிந்தவர். ஆனால் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று விகாரங்களில் திரிதல் ஒன்றுதான் என்பதை அவருக்கே நினைவூட்ட விரும்புகிறேன். இல்லாத விமானத்தைக் கொண்டுவருவது தோன்றல். இருப்பதற்கு வேறு நிறம் பூசுவது திரிதல். திரையில் வந்து விழும் அறிவிப்பு எழுத்துகளை மறைத்துவிடுவது கெடுதல். மூன்றையும் நாங்கள் ‘மொட்’ என்றே சொல்கிறோம். அன்றியும் பால் திரிந்தது என்று சொல்லிப் பழகிய வாய்க்குத் ‘திரிபைத் தரவிறக்குங்கள்’ என்பது அவ்வளவு உவப்பாக இராது.

நான் நீண்ட நேரம் தயங்கி நின்றது ‘ஒட்டு’ என்ற சொல்லிடம். பரிந்துரைத்தவர் தோட்டக்காரர் என்பதால் ஒட்டுமாவை உவமையாகக் கொண்டுவந்திருந்தார். வேர் ஒருவருடையது, கிளை இன்னொருவருடையது, வேரில்லாமல் கிளை இல்லை, பழத்தின் சுவையோ கிளையினுடையது. இதைவிடப் பொருத்தமாக எவரும் சொல்லிவிட முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு இரண்டு தடைகள் தெரிந்தன. மென்பொருளைச் செய்தவரே பிழைநீக்க வெளியிடும் சிறு கோப்புக்கு ‘ஒட்டு’ என்ற பெயரைப் பலர் ஏற்கெனவே வழங்குகிறார்கள். மூதூரில் நடந்த குழப்பம் வேறு வாசலால் மீண்டும் உள்ளே வந்துவிடும். மற்றது உவமையே முறியும் இடம். ஒட்டுமாவில் கட்டுக்குக் கீழே அடிமரம் துளிர்த்தால் கிள்ளி எறிகிறோம். ஒட்டு வாழ வேர்மரம் அடங்கிப்போகிறது. இங்கே அது தலைகீழ். செய்தவர் புதிய பதிப்பை வெளியிட்டால், அதாவது வேர்மரம் துளிர்த்தால், அதைக் கிள்ள எவராலும் முடியாது. பட்டுப்போவது ஒட்டிய கிளைதான். டிசிஎஸ் என்ற மற்றொரு போர்விமான விளையாட்டில் பறப்பவர்கள் ஒவ்வொரு புதுப்பிப்பு அறிவிப்பையும் ஏன் வயிற்றில் புளியைக் கரைத்தபடி வாசிக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

‘விகற்பம்’ என்ற பரிந்துரையே எனக்கு வழிகாட்டியது. சொல்லை நான் ஏற்கவில்லை. ‘விகற்பமாக நினைக்காதே’ என்று மனத்தாங்கலுக்கு அதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழங்குவார்கள். ஆனால் அந்தச் சொல் எங்கே வருகிறது என்று தேடியபோது நன்னூற் பாயிரத்தில் போய் நின்றேன். நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கும் பவணந்தியார், வழிநூலுக்கு மூன்று பண்புகள் சொல்கிறார்: முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருக்க வேண்டும், பின்னோன் வேண்டும் விகற்பம் கூற வேண்டும், மரபு அழியாதிருக்க வேண்டும். விமானக் கோப்புகளைப் பற்றி இவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. முதல் விளையாட்டின் இயங்கு முறையோடு ஒத்துவராத பொதி ஓடாது. பின்னால் வந்தவன் விரும்பும் வேறுபாடுதான் பொதியின் பயன். அழியா மரபு என்பதை ஜேஎஸ்ஜிஎம்ஈ போன்ற சிறு கருவிகள் எழுத்துக்கு எழுத்து செய்கின்றன; பொதியைச் செயற்படுத்தும்போது இடம்மாறப்போகும் மூலக் கோப்பை ஒரு காப்புக் கோப்புறையில் எடுத்துவைத்து, பொதியை நீக்கும்போது அதை இருந்த இடத்திலேயே திருப்பி வைக்கின்றன. தம்பி அழித்ததும் இந்த மூன்றாவது பண்பைத்தான்.

ஆகவே ‘வழியாக்கம்’ என்று முன்மொழிகிறேன். முதலில் இருந்த விளையாட்டு ‘முதலாக்கம்’. வழியாக்கம் செய்பவர் ‘வழியாக்கர்’. இருவர் நூல்களிலிருந்தும் ஒவ்வொரு பகுதி கொண்டு திரிபும் சேர்ந்தது புடைநூல், அதாவது சார்புநூல் என்பதால், மற்றொருவரின் வழியாக்கத்திலிருந்தும் எடுத்துச் செய்ததைச் ‘சார்பாக்கம்’ எனலாம். எங்கள் பொதியில் மேற்பூச்சும் களமும் வழியாக்கம். ஒலி சேர்ந்தவுடன் முழுப்பொதியும் சார்பாக்கம். இந்த வேறுபாடு பண்டிதருக்காக அன்று. வழியாக்கத்துக்கு ஒருவரை மட்டும் நினைத்தாற் போதும்; சார்பாக்கத்தைப் பகிர்வதற்கு இருவரிடம் அனுமதி இருக்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஒரு படைப்பைத் தழுவி மாற்றியமைக்கும் உரிமையை முதற்படைப்பாளியிடமே வைக்கிறது. ஆர்வலர்கள் பகிர்ந்துகொள்வதெல்லாம் பெரும்பாலும் அவர் கண்டும் காணாமலும் விட்டதாலோ வெளிப்படையாக இசைந்ததாலோ நடப்பதுதான்.

சொல்லைச் சோதிக்க இரண்டு கடினமான எடுத்துக்காட்டுகளை எடுத்தோம். 1998இல் வெளியான பால்கன் 4.0 விளையாட்டின் மூலநிரல் 2000இல் கசிந்தது. அதன் பின் ஆர்வலர்கள் அதன்மேல் கட்டியெழுப்பியவற்றுள் பிஎம்எஸ் என்ற வடிவம் இன்றும் வளர்கிறது. பழைய விளையாட்டை அடையாளம் காண்பதே கடினம் என்னும் அளவுக்கு அது மாறிவிட்டது. ஆயினும் நிறுவும்போது பழைய பால்கன் 4.0 உங்களிடம் இருக்கிறதா என்று அது இன்னும் கேட்கிறது. அதைத் திருத்தம் என்றால் சிறுமைப்படுத்துகிறோம். புதிய விளையாட்டு என்றால் பொய் சொல்கிறோம். வழியாக்கம் என்றால் சரியாக இருக்கிறது. மற்றது டிசிஎஸ் விளையாட்டுக்காக ஆர்வலர்கள் செய்து இலவசமாகத் தந்திருக்கும் ஏ-4 ஸ்கைஹோக் விமானம். அது பயனரின் தனிக் கோப்புறையில் போய் அமர்கிறது. முதலாக்கத்தின் ஒரு கோப்பையும் தொடுவதில்லை. எதுவும் மாறாத இடத்தில் ‘மாற்றம்’ என்ற சொல் எப்படி நிற்கும்? ஆனால் முதலாக்கம் இல்லாமல் அந்த விமானம் ஓர் அங்குலமும் ஓடாது.

தயவுசெய்து உங்கள் மறுப்புகளை எழுதுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியையின் மறுமொழி:

ஐயா, நன்னூல் வரையில் போய் வந்தமைக்கு நன்றி. என் மகனும் நீங்கள் சொல்லும் விளையாட்டை விளையாடுபவன் என்பதால் இரண்டு ஐயங்களை முன்வைக்கிறேன். விமானம் பறக்க வேண்டிய பாதையில் குறிக்கும் இடங்களை நீங்களே ‘வழிப்புள்ளி’ என்கிறீர்கள். அதே களத்தில் வழியாக்கம் என்றால், பாதை அமைப்பதைத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். என் மகனிடம் கேட்டபோது ‘றோட்டுப் போடுறதா அம்மா?’ என்றான். இரண்டாவது, பொதியைச் செயற்படுத்தும் பொத்தானில் இந்தச் சொல் அடங்குமா? நீங்கள் பல்லிளித்தது என்று தள்ளிய சொற்கள் பல இதைவிடக் குறுகியவை.

என் மறுமொழி:

அம்மா, உங்கள் மகனின் கேள்வி எங்கள் விறாந்தையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்காக அவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். வழிப்புள்ளியோடு மோதல் இருப்பது உண்மை. எங்கள் களக்குறிப்பு முழுவதையும் மறுபடி வாசித்தேன். இரண்டு சொற்களும் அருகருகே வருவது ஒரே ஓரிடத்தில். அங்கே ‘இந்த வழியாக்கத்தில் ஐந்தாம் வழிப்புள்ளி சீனக்குடா ஓடுபாதையின் மேல் உள்ளது’ என்று இருக்கிறது. எனக்கு நாக்குத் தடுக்கவில்லை. வழித்தோன்றல், வழிமொழிதல் என்னும் சொற்களில் எவரும் றோட்டை நினைப்பதில்லை என்பதால், பழகினால் இதுவும் அப்படியே ஆகும் என்று நம்புகிறேன். ஆனால் பழகும் வரை அவர் சிரிப்பதைத் தடுக்க என்னிடம் வழியில்லை. பொத்தான் பற்றி நீங்கள் சொல்வது சரி. பொத்தானில் ‘சேர்’, ‘நீக்கு’ என்று மட்டும் இருக்கட்டும். எதைச் சேர்க்கிறோம் என்பது பட்டியலின் தலைப்பில் ஒருமுறை வந்தால் போதும். பிள்ளைகள் வாயால் ‘மொட்’ என்று சொல்வதையும் நான் திருத்தப் போவதில்லை.

குறிப்புக் கோப்பின் தலைப்பகுதியை நேற்றிரவு மாற்றி எழுதினேன். மூதூர்த் தம்பிக்கும் அனுப்பினேன். அவர் தம் பொதியைத் திரும்பப் பெற்று, இதையே மேலே வைத்து, தம் பெயரைக் கடைசி வரியில் சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறார். அவர் அனுப்பிய வடிவம் இது:

இது ஐஎல்-2 1946 என்னும் முதலாக்கத்துக்கான சார்பாக்கம். முதலாக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். அதன் கோப்புகள் எதையும் அழிக்க வேண்டாம். மேற்பூச்சும் களமும் திருகோணமலை நண்பர்களின் வழியாக்கம். இயந்திர ஒலி வேறொருவருடையது. அவர் பெயரும் நிபந்தனைகளும் கீழே உள்ளன, அவற்றை நீக்காமல் பகிருங்கள். இறக்கையின் பச்சையைச் சற்றுக் கருமையாக்கியது மட்டும் நான்.