தமிழில் பட்டத் தேர்வு எழுத அனுமதி: மனுவை யாருக்கு அனுப்புவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகர் (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த என் மகள், இப்போது அரசுக் கல்லூரி ஒன்றில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பில் இருக்கிறாள். வரலாற்றுத் தாளைத் தமிழில் எழுத அனுமதி கேட்டுப் பெற்றோர் சிலர் மனு எழுதி வைத்திருக்கிறோம். ஆளுநருக்கு அனுப்புங்கள் என்கிறார் ஒருவர். அமைச்சரைப் பாருங்கள் என்கிறார் இன்னொருவர். கல்லூரியிலோ 'எல்லாம் யூனிவர்சிட்டி தீர்மானம்' என்று கைவிரிக்கிறார்கள். கல்லூரியும் பல்கலைக்கழகமும் அரசுடையவை என்னும்போது, அரசே ஓர் உத்தரவு போட்டால் ஆகாதா?

பதில் 1: பாலக்காட்டு வழக்கறிஞர்

ஆகாது. கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 1968இல் உருவான இப்பல்கலைக்கழகம், இன்று 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. நிலைத்த தொடர்ச்சியும் பொது முத்திரையும் கொண்ட, தன் பெயரிலேயே வழக்காடக்கூடிய ஒரு தனிச் சட்ட ஆளாகவே அச்சட்டம் அதை நிறுவியது. அது அரசுத் துறை அன்று. உங்கள் மகளின் ஆசிரியருக்குக் கருவூலத்திலிருந்து சம்பளம் வரலாம், ஆனால் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் தலைமையகமான தேஞ்ஞிப்பலத்துக்கு உரியவை.

ஆளுநர் பதவி வழியாக வேந்தர். கல்வி அமைச்சர் இணைவேந்தர். தேர்வு மொழியை நிர்ணயிக்கும் வேலை இருவருக்கும் இல்லை. பல்கலைக்கழகத்தின் விதிகளை அதன் மூன்று அவைகள் இயற்றுகின்றன: பேரவையான செனட் இயற்றுவது ஸ்டாட்யூட், நிர்வாகக் குழுவான சிண்டிகேட் இயற்றுவது ஆர்டினன்ஸ், படிப்பு விஷயங்களைக் கவனிக்கும் அகாதமிக் கவுன்சில் இயற்றுவது ரெகுலேஷன். படிப்பும் தேர்வும் பற்றிய உங்கள் கோரிக்கை முதன்மையாக இந்த மூன்றாவது அவையைச் சேர்ந்தது.

பதில் 2: ஓய்வுபெற்ற பேராசிரியர், சித்தூர்

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழ் என்ற சொல்லைப் பார்த்ததும் மனுவைத் தமிழ்ப் பாடக்குழுவுக்கு (அந்தப் பாடத்துக்கான பல்கலைக்கழகக் குழு, போர்டு ஆஃப் ஸ்டடீஸ்) அனுப்பிவிடாதீர்கள். தாள் வரலாற்றுடையது என்பதால் வரலாற்றுப் பாடக்குழுவின் பரிந்துரைதான் அகாதமிக் கவுன்சிலில் எடுபடும். பல்கலைக்கழகப் பதிவாளர் பெயருக்கு எழுதி, வரலாற்றுப் பாடக்குழுவுக்கும் அகாதமிக் கவுன்சிலுக்கும் நகல் வையுங்கள். பெரும்பாலும் வரக்கூடிய மறுப்பு, தமிழ் விடைத்தாளைத் திருத்த ஆள் எங்கே என்பதே. ஆகவே தமிழ் படிக்கத் தெரிந்த வரலாற்று ஆசிரியர்கள் எந்தெந்தக் கல்லூரிகளில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை மனுவோடு இணைத்துவிடுவது, உருக்கமாகப் பத்துப் பக்கம் எழுதுவதைவிடப் பயன்படும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்திருப்பது அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமை. தேர்வுக் கோரிக்கையை அதன்மீது மட்டும் நிறுத்தினால் தாங்காது.

பதில் 3: மூணாறு வாசகர்

துணைவேந்தர் நியமனத் தகராறுகளைப் பார்த்தால், அமைச்சர் தலையிட்டால் எதுவும் நடக்கும் என்று தோன்றுகிறதே?

பதில் 4: பாலக்காட்டு வழக்கறிஞர்

அந்தத் தகராறுகளே மறுசான்று. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடல் குழு ஒரே பெயரைப் பரிந்துரைத்தது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிக்கு முரண் என்று, கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் செல்லாதாக்கியது. அந்த விதி மாநிலத்தையும் கட்டுப்படுத்துவது ஏனென்றால், அரசியலமைப்பில் பல்கலைக்கழகத்தை நிறுவும் அதிகாரம் மாநிலப் பட்டியலில் 32ஆம் பதிவாக இருந்தாலும், உயர்கல்வித் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 66ஆம் பதிவில் இருக்கிறது. 2023 நவம்பரில் கண்ணூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மறுநியமனம் வீழ்ந்ததோ, வேந்தர் தாமாக எடுக்க வேண்டிய முடிவில் மாநில அரசு தலையிட்டதால். வேந்தரின் அதிகாரத்திலேயே அரசு நுழைய முடியாதபோது, அகாதமிக் கவுன்சிலின் வேலையை அமைச்சர் ஓர் உத்தரவால் செய்துவிட முடியாது. அவர் பரிந்துரைக் கடிதம் தந்தால் வாங்கி மனுவோடு வையுங்கள்; முகவரி பதிவாளருடையதாகவே இருக்கட்டும்.