கலைச்சொல் விவாதம்: படகு டிரெய்லரின் ‘டங் வெயிட்’ – முன்பாரம் எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா, டெக்சாஸ் கரைகளில் 24 முதல் 28 அடி வரையுள்ள படகுக்கு, கட்டுப்படியான விலையில் அலுமினிய டிரெய்லர் தேர்ந்தெடுப்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு தொகுக்கிறோம். விஷயம் தயார். சொற்களில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. டிரெய்லர், டங் (டிரெய்லரின் முன்னே நீண்டு இழுக்கும் வண்டியோடு சேரும் தண்டு), டங் வெயிட், பங்க் (படகைத் தாங்கும் கட்டை), சர்ஜ் பிரேக் (டிரெய்லர் முன்னே முட்டுவதால் பிடிக்கும் பிரேக்) ஆகியவற்றுக்குச் சொல் வேண்டும்.

வரைவில் ‘டங் வெயிட்’ என்பது ‘நாக்கு எடை’ என்று வந்திருக்கிறது. இதை அப்படியே விட மனமில்லை. வாங்குகிறவர் தவறவே விடக்கூடாத அளவு இது ஒன்றுதான். டிரெய்லரின் முன்முனை, இழுக்கும் வண்டியின் பின்னால் உள்ள இணைப்புக் குமிழ் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதே பொருள். படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது நடைமுறை. குறைந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் சேர்த்து ஆட்டும். கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி தளர்ந்து, ஸ்டியரிங் லேசாகிவிடும். ‘நாக்கு எடை’ என்று படிப்பவருக்கு இதில் எதுவும் தட்டுப்படாது.

– த.க.

*

த.க. ஐயாவுக்கு,

> டிரெய்லர், டங், டங் வெயிட்…

மூன்றுக்கும் சொல் நம்மிடம் இருக்கிறது, மாட்டுவண்டியில்.

முதலில் டிரெய்லர். ‘இழுவை வண்டி’ என்று பலர் எழுதுகிறார்கள். அது இழுக்கிற வண்டியா, இழுபடுகிற வண்டியா என்பது தெரிவதில்லை. டிராக்டரையே ‘இழுவை’ என்று எழுதும் வழக்கமும் உண்டு. ‘தொடர்வண்டி’ ரயிலுக்குப் போய்விட்டது. ‘பின்வண்டி’ என்றால் குழப்பமே இல்லை. படகுப் பின்வண்டி, சரக்குப் பின்வண்டி என்று முன்னொட்டும் எளிதாகச் சேரும். இழுக்கும் வண்டியை ‘முன்வண்டி’ என்றே சொல்லிவிடலாம்.

டங் என்பது ஏர்க்கால். வண்டியின் உடலிலிருந்து முன்னே நீண்டு நுகத்தடி வரை போகிற அதே மரம், அதே வேலை. இங்கே நுகத்தடி இருந்த இடத்தில் குமிழும் அதைப் பிடிக்கும் கவ்வியும் இருக்கின்றன.

டங் வெயிட்டுக்கு என் பரிந்துரை ‘முன்பாரம்’. மூட்டை அடுக்கும்போது வண்டிக்காரர்கள் சொல்வது இதைத்தான். அச்சுக்குப் பின்னால் மூட்டை கூடினால் பின்பாரம். ஏர்க்கால் எழும்பி, நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே போகும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அச்சுக்கு முன்னால் கூடினால் முன்பாரம். நுகத்தடி கழுத்தை அழுத்தி மாட்டைக் குனிய வைக்கும். சரியாக ஏற்றிய வண்டியில் நுகத்தடி கழுத்தில் படிந்து உட்காரும் அளவுக்குக் கொஞ்சம் முன்பாரம் இருக்கும். த.க. ஐயா சொன்ன 5 முதல் 10 விழுக்காடும் இதே கணக்குதான். மாடு போய் பிக்கப் டிரக் வந்திருக்கிறது, அவ்வளவே.

– செ.

*

செ. அவர்களுக்கு,

பின்வண்டி, ஏர்க்கால் இரண்டும் பிடித்திருக்கின்றன. முன்பாரத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு.

வழக்கில் ‘வண்டி முன்பாரமா இருக்கு’ என்றால் அது குறை. இறக்கி அடுக்கு என்று பொருள். நமக்கு வேண்டியதோ அளவின் பெயர். ‘முன்பாரத்தைச் சரிபாருங்கள்’ என்று எழுதினால், முன்பாரமே இருக்கக்கூடாது போல என்று ஒருவர் படகைப் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும். அது உயிருக்கு ஆபத்து. ‘முனைச்சுமை’ என்றோ ‘குமிழ்ச்சுமை’ என்றோ வைத்தால் இந்தச் சிக்கல் வராதே?

– ம.நா.

*

ம.நா. ஐயா,

தயக்கம் நியாயமானது. ஆனால் தமிழில் இந்த இரட்டைப் பொருள் அன்றாடம் புழங்குவதுதான். ‘அவருக்கு பிரஷர் இருக்கு, சர்க்கரை இருக்கு’ என்றால் அதிகமாக இருக்கிறது என்று பொருள். அதே வாயால் ‘பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு’ என்று அளவையும் கேட்கிறோம். யாரும் குழம்புவதில்லை. எண்ணோடு சேர்ந்து வந்தால் அது அளவு.

‘முனைச்சுமை’ என்றால் எந்த முனை என்ற கேள்வி வரும். ‘குமிழ்ச்சுமை’ பரவாயில்லை, ஆனால் அதற்கு எதிர்ச்சொல் கிடையாது. முன்பாரத்துக்குப் பின்பாரம் என்ற இணை பிறப்பிலேயே இருக்கிறது. பின்வண்டி வால் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பின்பாரம்தான். அதற்கும் ஒரு சொல் வேண்டுமே!

இன்னொன்று. இது எடையும் அல்ல. எடை பொருளுக்கு உரியது. இது ஓரிடத்தில் விழும் அழுத்தம். ‘பாரம்’ அதைத் துல்லியமாகச் சொல்கிறது.

– செ.

*

சொல்லைக் கணக்கில் போட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை. கையேட்டிலிருந்து ஒரு பகுதியைப் புதிய சொற்களோடு எழுதிப் பார்த்தேன். சொல் எங்கே இடறுகிறது என்று பாருங்கள்.

“எடுத்துக்காட்டாக 26 அடி ஃபைபர் படகு. வெறும் படகு 5200 பவுண்டு. 250 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் 560 வீதம் 1120. பெட்ரோல் 180 கேலன், கேலனுக்கு 6.1 பவுண்டு என்றால் ஏறத்தாழ 1100. குடிநீர் 20 கேலன், கேலனுக்கு 8.34 வீதம் 167. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 600. ஆக 8187 பவுண்டு. விளம்பரத்தில் உள்ள ‘படகு எடை 5200’ என்பதை நம்பிப் பின்வண்டி வாங்குவதுதான் முதல் தவறு. 15 விழுக்காடு கையிருப்பு வைத்தால், ஏறத்தாழ 9400 பவுண்டு தாங்கும் பின்வண்டி வேண்டும்.

தகட்டில் பொறித்திருக்கும் மொத்த எடை வரம்பில் பின்வண்டியின் சொந்த எடையும் அடக்கம். 5200 பவுண்டு அச்சு இரண்டு என்றால் 10,400. பின்வண்டி எடை 2000 என்று வைத்தால் மிச்சம் 8400. படகை ஏற்றியதும் கையிருப்பு 213 பவுண்டுதான். போதாது. 6000 பவுண்டு அச்சு இரண்டு என்றால் 12,000, மிச்சம் 10,000. இது போதும். ஆனால் டயரையும் பாருங்கள். பின்வண்டிக்கென்றே உள்ள எஸ்.டி. 225/75 ஆர்15, ‘இ’ வகை டயர் ஒன்று 80 பி.எஸ்.ஐ. காற்றில் 2830 பவுண்டுதான் தாங்கும். நான்குக்கு 11,320. 12,000-ஐ அச்சு தாங்கும், டயர் தாங்காது. 16 அங்குலச் சக்கரத்தில் எஸ்.டி. 235/80 ஆர்16 ‘இ’ போட்டால் ஒன்று 3520, நான்குக்கு 14,080. அதுதான் சரி.

மூன்று அச்சு வாங்கினால் பாதுகாப்பு கூடும்தான். ஒரு டயர் வெடித்தாலும் மெல்ல ஊர்ந்து ஓரம் சேரலாம். ஆனால் இரண்டு டயர், இரண்டு குடம், இரண்டு பிரேக் கூடுதல். ஃபுளோரிடா சுங்கச்சாலைகளில் கட்டணமும் அச்சுக் கணக்கில்தான். சிக்கனம் வேண்டுமென்றால், இந்த எடைக்குக் கனத்த அச்சு இரண்டும் 16 அங்குலச் சக்கரமும் போதும்.

மொத்தம் 10,187 பவுண்டில் 7 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 710 பவுண்டு முன்பாரம் வேண்டும். இந்த 710-ம் முன்வண்டியின் சுமை வரம்பில் கழியும். கதவோர ஒட்டுத்தாளில் 1500 பவுண்டு என்று போட்டிருக்கிற பிக்கப்பில், ஆட்களும் சாமான்களும் 800 இருந்தால் வரம்பு அப்போதே தாண்டிவிட்டது. இழுக்கும் திறன் 11,000 என்று பெருமையாகப் போட்டிருந்தாலும் பயனில்லை.

முன்பாரத்தை அளக்க எடைமேடை கட்டாயமில்லை. குளியலறைத் தராசு ஒன்றும் உறுதியான மரச்சட்டம் ஒன்றும் போதும். சட்டத்தின் ஒரு முனைக்கடியில் குழாய், 3 அடி தள்ளி மறுமுனைக்கடியில் தராசு. குழாயிலிருந்து 1 அடியில், தராசிலிருந்து 2 அடியில் ஏர்க்காலின் கவ்வியை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். 237 காட்டினால் 711. பின்வண்டி சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இழுக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். ஏர்க்காலை உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்து அளந்தால் கணக்கு தவறும்.”

முன்பாரம் மூன்று இடத்தில் வருகிறது. எனக்கு எங்கும் இடறவில்லை.

– த.க.

*

எனக்கும் இடறவில்லை. தயக்கத்தை விட்டுவிடுகிறேன். அந்தப் பகுதியோடு சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு: முன்பாரம் தவறாக இருந்தால் எப்படித் திருத்துவது?

ஐ வடிவ அலுமினிய உத்திரத்தில் போல்ட்டால் பூட்டிய பின்வண்டியின் பெரிய வசதியே இதுதான். குமிழுக்கும் அச்சுகளின் நடுவுக்கும் 22 அடி, அதாவது 264 அங்குலம் என்று கொள்வோம். படகின் முன்பக்கத்தை இழுத்துக் கட்டும் வின்ச் தூணை முன்னே நகர்த்திப் படகை 4 அங்குலம் முன்னே கொண்டுபோனால், 8187-ஐ 4-ஆல் பெருக்கி 264-ஆல் வகுக்க, 124 பவுண்டு முன்பாரம் கூடும். முன்பாரத்தைக் குறைக்கப் படகைப் பின்னே தள்ளும்போது மட்டும் கவனம்: அமரம் (படகின் பின்பக்கம்) தாங்குகட்டையின் (பங்க்) பின்முனையைத் தாண்டித் தொங்கக்கூடாது. இரண்டு எஞ்சினின் கனமும் அங்கேதான் இருக்கிறது. அமரத்துக்கடியில் கட்டை இல்லாவிட்டால் படகின் அடிப்பகுதி நாளடைவில் வளைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் படகைத் தொடாமல் அச்சுகளை முன்னே நகர்த்துங்கள்; முன்பாரம் குறையும். அச்சுகளைப் பின்னே தள்ளினால் 4 அங்குலத்துக்கு ஏறத்தாழ 140 பவுண்டு கூடும்.

பெட்ரோல் தொட்டி அச்சுக்கு 30 அங்குலம் முன்னால் இருந்தால், முழுத் தொட்டிக்கும் காலித் தொட்டிக்கும் இடையே முன்பாரம் 125 பவுண்டு மாறும். இரண்டு நிலையிலும் அளக்கச் சொல்லுங்கள்.

– ம.நா.

*

வணக்கம். யாழ்ப்பாணப் பேச்சில் உழவு இயந்திரத்தின் பின்வண்டியைப் ‘பெட்டி’ என்போம். படகுக்கு அது பொருந்தாது, பின்வண்டியே நல்லது. ‘சரியான பாரம்’ என்பது எங்கள் அன்றாடச் சொல்தானே, முன்பாரம் எங்களுக்கும் உடனே விளங்கும். அணியம் (படகின் முன்பக்கம்), அமரம், ஏரா (அடிமரம்) என்பன கடற்கரைக்காரர் சொற்கள். கையேட்டில் அவற்றை அப்படியே வைத்திருங்கோ.

ம.நா. அண்ணை பங்கைத் ‘தாங்குகட்டை’ என்று எழுதியதும் சரி. ஏரா உருளையில் இருக்க, இருபுறமும் கட்டை தாங்கும். ஒரு எச்சரிக்கை: செப்பு மருந்து ஏற்றிய மரத்தை அலுமினியத்தோடு நேரே பூட்டக்கூடாது. மேலே சுற்றிய கம்பளம் உப்புத்தண்ணியை விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அரிப்பது அலுமினியம்தான். மருந்தேற்றாத மரம் போடுங்கோ, அல்லது இடையில் ரப்பர் தகடு வையுங்கோ.

– ப.

*

ப. அவர்கள் சொன்ன அரிப்பு, பழைய பின்வண்டி வாங்குவோருக்கு இன்னும் முக்கியம். விலை குறைக்க நல்ல வழி பழையது வாங்குவதுதான். ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும்.

உத்திரமும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தலையைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பளபளப்பு வந்தால் மேலோட்டம். குழி விழுந்து, வாஷர் உள்ளே அமிழ்ந்திருந்தால் துளை அகன்றுவிட்டது. அந்த மூட்டு ஆடும். ஆடும் மூட்டிலிருந்து விரிசல் கிளம்பும். எஃகுக்குக் களைப்பு வரம்பு என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை வளைந்தாலும் உடையாது. அலுமினியத்துக்கு அப்படி வரம்பில்லை. சின்ன வளைவும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

யாராவது ‘பற்றவைத்துச் சரிசெய்துவிட்டேன்’ என்றால் விலகிவிடுங்கள். 6061-டி6 அலுமினியத்தைப் பற்றவைத்தால், சூடு பட்ட இடத்தில் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். இந்தப் பின்வண்டிகளை போல்ட்டால் பூட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அச்சு பெரும்பாலும் எஃகுதான், அலுமினியம் அல்ல. ‘அலுமினிய டிரெய்லர் துருவே பிடிக்காது’ என்ற பேச்சை நம்பாதீர்கள். பட்டை வில் துருப்பிடித்தால் வில்லை மட்டும் மாற்றலாம்; செலவு குறைவு. இரண்டு அச்சுக்கும் நடுவில் உள்ள ஊசல்கட்டை (ஈக்வலைசர்) பாரத்தைப் பகிர்ந்தும் கொடுக்கும். ரப்பர் முறுக்கு அச்சு சொகுசானது. ஆனால் உள்ளே துரு ஏறினால் அச்சையே மாற்ற வேண்டும். அந்த வகையில் அச்சுகளுக்குள் பகிர்வும் கிடையாது. ஏர்க்கால் உயர்ந்து நின்றால் பின் அச்சே பெரும்பாரத்தையும் சுமக்கும்.

டயரின் பக்கவாட்டில் ‘DOT’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த காலத்தைச் சொல்லும்: ‘2319’ என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பூ (தரையைத் தொடும் வரிகள்) தேயாமலே வயதாகி வெடிப்பதுதான் பின்வண்டி டயரின் இயல்பு.

– செ.

*

நன்றி. பின்வண்டி, முன்வண்டி, ஏர்க்கால், முன்பாரம், பின்பாரம், தாங்குகட்டை ஆறும் ஏற்கப்பட்டன. ஊசல்கட்டையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மிச்சம் சர்ஜ் பிரேக். முன்வண்டி வேகம் குறைக்கும்போது பின்வண்டி முன்னே வந்து முட்டும், கவ்வி உள்ளே சறுக்கி மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும், பிரேக் பிடிக்கும். ‘முட்டு பிரேக்’ என்று எழுதியிருக்கிறேன். முட்டுவதால்தான் அதன் குறையும் வருகிறது: மேட்டில் பின்னால் தள்ளும்போதும் கவ்வி அமுங்கி, டிஸ்க் பிரேக் இறுகிவிடும். அதைத் தடுக்க ஐந்து கம்பிச் செருகியில் ஐந்தாவது கம்பி ரிவர்ஸ் விளக்கிலிருந்து மின்சாரம் எடுத்து, பிரேக் இறுகாமல் தடுக்கும் வால்வை இயக்க வேண்டும். நான்கு கம்பிச் செருகி மட்டும் உள்ள பிக்கப்பில் இது வேலை செய்யாது. ‘முட்டு’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

– த.க.

*

மறுப்பில்லை. ஆட்டுக்கிடா முட்டுவது போலத்தான் அதுவும் முட்டுகிறது.

– ம.நா.