செத்த சோலார் பேனல் யார் பொறுப்பு?

தோப்புக்காரன்: போன மாசம் சூறைக்காத்துல பக்கத்துத் தோட்டத்து பம்புசெட் பேனல் ஆறு நொறுங்கிடுச்சு. வந்த வியாபாரி அலுமினியச் சட்டத்தையும் ஒயரையும் கழட்டிக்கிட்டு மிச்சத்தைக் கிணத்து மேட்டுலயே போட்டுட்டுப் போயிட்டார். 25 வருசம் உழைக்கும்னு சொல்லி விக்கிறாங்க. அப்புறம்? கமுதியில மட்டும் 2,500 ஏக்கர்ல 25 லட்சம் பேனல் நிக்குது, 2016ல வச்சது.

எண்ணூர்வாசி: எங்க பக்கம் வந்து கொசஸ்தலையாத்தைப் பாருங்க, அனல்மின் நிலையத்துச் சாம்பல் எப்படி அப்பிக் கிடக்குன்னு. நிலக்கரிச் சாம்பல் இந்தியாவுல மட்டும் வருசத்துக்கு 25 கோடி டன்னுக்கு மேல. பேனல் கழிவு? 2050 வரைக்கும் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் அதிகபட்சம் 7.8 கோடி டன்னுன்னு 2016ல ஐரீனாங்கிற சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைப்பு கணக்குப் போட்டுச்சு. அதுலயும் முக்கால்வாசி கண்ணாடி.

தோப்புக்காரன்: உங்க ஊர்ல சாம்பல் கொட்டுறாங்கன்னா எங்க கிணத்து மேட்டுல கண்ணாடி கிடக்கலாமா?

காயலான்கடை: அந்தக் கண்ணாடியத் தனியா உரிக்கவே முடியாதுண்ணே. இவிஏன்னு ஒரு பிளாஸ்டிக், உள்ள கரண்ட் தர்ற செல்லோட சேர்த்துக் கவ்விப் பிடிச்சிருக்கும். வெள்ளி இருக்குங்கிறாங்க, எடையில ஆயிரத்துல ஒரு பங்குகூடத் தேறாது. சிலபேர் கொளுத்திப் பாக்குறாங்க. பின்பக்க ஷீட்டுல ஃபுளோரின் இருந்தா அந்தப் புகை பொல்லாதது.

எண்ணூர்வாசி: அதுக்குத்தான் சட்டம் இருக்கே. 2022 மின்கழிவு விதியில பேனலும் சேர்ந்தாச்சு, 2023 ஏப்ரல்லேர்ந்து அமல். தயாரிச்சவங்கதான் பொறுப்பு.

தோப்புக்காரன்: முழுசாப் படிச்சீங்களா? ஃபோனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வருசா வருசம் இத்தனை சதவீதம் மறுசுழற்சி செய்யணும்னு போட்டிருக்கு. பேனலுக்கு 2034-35 வரைக்கும் வர்ற கழிவைச் சேமிச்சு வைங்கன்னுதான் இருக்கு. ஆறு பேனலுக்காக எந்தக் கம்பெனி லாரி அனுப்பும்?

எண்ணூர்வாசி: சரி, அது ஓட்டைதான். விக்கும்போதே ஒரு டெபாசிட் வாங்கி வைக்கட்டும். பழைய பேட்டரியைக் குடுத்தா புதுசுல தள்ளுபடி தர்றாங்கல்ல?

காயலான்கடை: பேட்டரில ஈயம் கிலோ கணக்குல இருக்கு, அதனால நாங்களே தேடிப் போய் எடுக்குறோம். பேனல்ல எங்களுக்கு என்ன இருக்கு? டெபாசிட் காசு எடுத்துட்டு வர்றவன் கைக்கு வந்தா வேணா வண்டி நகரும்.

தோப்புக்காரன்: இது நியாயமான பேச்சு. ஆனா சோலாரே வேணாம்னு நான் சொல்லல, அதைப் பதிஞ்சுக்குங்க. எங்க மோட்டாரும் அதுலதான் ஓடுது.

காயலான்கடை: முதல்ல அந்த ஆறையும் தார்ப்பாய் போட்டு மூடுங்கண்ணே. உடைஞ்சிருந்தாலும் வெயில் பட்டா கரண்ட் வரும். பிள்ளைங்க ஓடுற இடம்.