பவர் பிரஸ்ஸில் விரல் போனால் கவனக்குறைவுதானா?

குறிச்சி பட்டறை:
போன வாரம் பக்கத்துப் பட்டறையில் தகட்டைக் குத்தி வாஷர் அடிக்கும் பவர் பிரஸ் மெஷினில் ஒரு பையனுக்கு ஆள்காட்டி விரல் போய்விட்டது. ஆளாளுக்கு முதலாளியைத் திட்டுகிறார்கள். நானும் நாலு பிரஸ் வைத்து ஜாப் ஆர்டர் செய்கிறவன்தான், நேராகவே சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால் எல்லா மெஷினுக்கும் கார்டு, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் தடுப்பு, போட்டேன், ஒரே மாதத்தில் ஆட்களே கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள், கேட்டால் பீஸ் கணக்கில்தானே கூலி, எண்ணிக்கை ஏறவில்லை என்கிறார்கள். பாதி நேரம் பேச்சு, மீதி நேரம் செல்போன். கவனமாக இருந்தால் விரல் ஏன் போகிறது?

பெடல்காரன்:
அண்ணா, 14 வருடமாக பிரஸ் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பிட்டை (தகட்டுத் துண்டை) வை, கையை எடு, பெடலை மிதி, பிட்டை வை, கையை எடு, மிதி. ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் தடவை. சாப்பிட்டு வந்து மூன்று மணிக்கு மேல் கால் தன்பாட்டில் மிதிக்கும், கை ஒரு நொடி பிந்தும், அவ்வளவுதான். மூவாயிரம் தடவையும் தப்பே செய்யாத மனிதன் எங்கே இருக்கிறான்?

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவர் அன்று யாரோடும் பேசவில்லை. பிட் கீழே இருக்கும் டை அச்சில் ஒட்டிக்கொண்டது, எடுக்கக் கையை விட்டார். பெடலில் காலே இல்லை. மேலிருந்து இறங்கி அடிக்கும் ராம் தானாக இரண்டாம் முறை இறங்கியது. பிறகு திறந்து பார்த்தால் அடியை நிறுத்த கிளட்ச் பின்னைத் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங் உடைந்திருந்தது. அவர் எவ்வளவு கவனமாக இருந்து என்ன பயன்? கார்டைக் கழற்றினார்கள், சரி. பீஸ் ரேட் வைத்தது யார்?

குறிச்சி பட்டறை:
தம்பி, ஸ்பிரிங் பார்க்காதது முதலாளி தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பீஸ் ரேட் நான் கண்டுபிடித்ததில்லை, ஆர்டர் கொடுக்கிறவர்கள் எனக்கே பீஸுக்கு இத்தனை பைசா என்றுதான் கொடுக்கிறார்கள். இந்த லட்சணத்தில் கை குறுக்கே வந்தால் ஒளியால் கண்டுபிடித்து மெஷினை நிறுத்தும் லைட் கர்ட்டன் சென்சார் போடு என்று ஒருவர் வந்து விலை சொல்லிப் போகிறார். அந்தக் காசில் பழைய பிரஸ்ஸே ஒன்று வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

டூல் ரூம்:
சார், பின் கிளட்ச் மெஷின் என்றால் அந்த சென்சாரை வாங்கவே வாங்காதீர்கள். கிளட்ச் பின் ஒருமுறை சுற்றிக்கொண்டே இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு கோர்த்துக்கொண்டால் முழுச் சுற்றும் முடிந்துதான் விடும். ஒளிக்குள் கை வந்தது என்று சென்சார் கத்தினாலும் ராம் நடுவழியில் நிற்காது. அது காற்றில் இயங்கும் கிளட்ச் உள்ள மெஷினுக்குத்தான் சரி.

உங்கள் ஆட்கள் கார்டை ஏன் கழற்றினார்கள் என்று யோசித்தீர்களா? மெஷினுக்குப் பொதுவாக ஒன்று போட்டிருப்பீர்கள், டை மாற்றும்போதெல்லாம் அது இடிக்கும். கார்டை டைக்கே செய்யுங்கள். வாஷருக்கு நீளத் தகட்டுப் பட்டையைத்தானே தள்ளுகிறீர்கள், தகட்டைக் குத்தும் பஞ்ச் கருவியைச் சுற்றி ஒரு தகரக் கூண்டு, பட்டை நுழைய மட்டும் சந்து, 6 மில்லிக்கு மேல் வேண்டாம், விரல் போகாது. பட்டை முடிகிற கடைசி நாலு இஞ்சில்தான் விரல் பஞ்சை நெருங்கும், அந்தத் துண்டை அடுத்த பட்டையை வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். தனிப் பிட்டு வேலைக்கு வெளியே வைத்து உள்ளே தள்ளுகிற ஸ்லைடு செய்யலாம். உங்களிடம் கிடக்கும் ஸ்கிராப்பே போதும்.

மலர்:
இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மெஷின் ஓடும் பட்டன் வைத்தாலும் பார்த்துப் போடுங்கள். எங்கள் பட்டறையில் ஒரு பட்டனை டேப் சுற்றி அழுத்தியபடியே வைத்து ஒரு கையால் ஓட்டினோம், நானும் செய்தேன், பீஸ் ஏற வேண்டுமே. அப்புறம் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டு மறுபடி சேர்த்து அழுத்தினால்தான் ஓடும்படி வயரிங்கை மாற்றினார்கள், டேப் வேலை நின்றது. பாதுகாப்பு என்று டிரில்லிங் மெஷினில் கையுறை மாட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சுற்றுகிற டிரில் பிட்டில் கையுறை நூல் மாட்டினால் கையோடு இழுத்துக்கொள்ளும்.

பெடல்காரன்:
இயங்கும் பாகத்துக்குத் தடுப்பு வைப்பது முதலாளி பொறுப்பு என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் 21ஆம் பிரிவிலேயே அப்போதே எழுதியிருந்தார்கள். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், கட்டைவிரல் போனால் 30 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் அட்டவணையே இருந்தது. 14 சதவீதம் என்று படிக்கச் சுலபம். என் பக்கத்து மெஷின்காரருக்கு இன்றைக்கும் சட்டைப் பொத்தானை அவர் பெண்தான் போட்டுவிடுகிறாள்.

குறிச்சி பட்டறை:
சரி. வாஷர் டையை ஞாயிற்றுக்கிழமை இறக்கி வைக்கிறேன். கூண்டு வைத்துப் பீஸ் குறைந்தால்?

பெடல்காரன்:
முதல் நாலைந்து நாள் குறையும் அண்ணா, நான் ஓட்டியிருக்கிறேன். பிறகு கை பயமில்லாமல் போகும். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் பீஸ் பார்க்காமல் நாள் கூலி கொடுங்கள், யாரும் கழற்றமாட்டார்கள்.

குறிச்சி பட்டறை:
ஒரு வாரம் தருகிறேன். ஆனால் ஆட்களுக்குக் கவனம் வேண்டாம் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள், செல்போனை வாசலிலேயே வாங்கி வைப்பேன். டூல் ரூம் சார், பட்டை 2 மில்லி கனம், சந்து எவ்வளவு விடட்டும்?

டூல் ரூம்:
4 மில்லி விடுங்கள். பட்டை கொஞ்சம் வளைந்திருந்தாலும் போகும். கூண்டுக்கு ஓட்டை போட்ட தகடு எடுங்கள், உள்ளே வேலை நடப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதையும் கழற்றுவார்கள்.